லண்டன் லோக்கல் பப்: பதினோரு வருஷம் போய் வந்த அனுபவம்

பப்னு சொன்னதும் ஊர்ல இருக்குற சொந்தக்காரங்களுக்கு ரெண்டு விஷயம்தான் ஞாபகம் வருது. ஒண்ணு ஸ்டார் ஹோட்டல் மாடியில டிஜே போட்டு காது கிழியுற இடம், இல்லாட்டி டாஸ்மாக் பார். "லண்டன் போயி கெட்டுப்போயிட்டான்"னு எங்க பெரியம்மா இன்னிக்கும் சொல்லிட்டு இருக்காங்க. அவங்களுக்கு நான் சொன்ன விளக்கத்தையே இங்கயும் சொல்றேன், இங்க லோக்கல் பப்புங்கறது நம்ம டீக்கடை மாதிரி. அதே ஆளுங்க, அதே மூலை, அதே வெட்டி அரசியல், கடன் சொல்றது மட்டும் நடக்காது. பெரியம்மா நம்பல, அது வேற விஷயம்.

2013ல வந்தேன், தென்கிழக்கு லண்டன்லதான் அப்போலேருந்து வாசம். குடிக்கிறதுல நான் பெரிய ஆள் கிடையாது, ஒரு பைன்ட் (568 மில்லி), மிஞ்சிப்போனா ஒண்ணரை. அதனால இத பீர் ரிவ்யூவா நினைச்சு படிக்காதீங்க.

முதல் தடவை போனது செம கூத்து. உள்ள போயி ஜன்னலோரமா நல்ல டேபிளா பாத்து உக்காந்துட்டேன், வெயிட்டர் வருவார் வருவார்னு 25 நிமிஷம் கோட்டுகூட கழட்டாம உக்காந்திருக்கேன், ஒருத்தரும் திரும்பிப் பாக்கல, சரி நம்ம கலரப் பாத்துட்டுதான் கண்டுக்க மாட்டேங்குறாங்கன்னு உள்ளுக்குள்ள கொதிச்சு கிளம்புறப்போ பக்கத்து டேபிள் தாத்தா ஒருத்தர் "கவுண்டர்ல போயி கேக்கணும்ப்பா"ன்னார். அவ்ளோதான் விஷயம். பஸ்ஸுக்கு, பாத்ரூமுக்கு, எல்லாத்துக்கும் வரிசையில நிக்குற இந்த ஊர்ல பார் கவுண்டர்ல மட்டும் வரிசை இருக்காது, ஆனா யாருக்கு அடுத்து யாருன்னு நிக்குற அத்தன பேருக்கும் தெரியும். பார்மேன் தப்பா நம்மகிட்ட வந்தா "அவர்தான் முன்ன வந்தாரு"ன்னு கை காட்டணும். காட்டலைன்னா சண்டைக்கு வரமாட்டாங்க, ஒரு பார்வை பாப்பாங்க, அது சண்டையவிட மோசம்.

அடுத்தது ரவுண்டு. நாலு பேரு போனா ஆளுக்கொரு தடவ நாலு பேருக்கும் வாங்கணும். இது தெரியாம ஆபீஸ் ஆளுங்களோட போனப்போ அவங்க வாங்கிக் குடுத்தத குடிச்சிட்டு அப்புறம் எனக்கு மட்டும் ஒண்ணு வாங்கிட்டு வந்து உக்காந்தேன். யாரும் ஒண்ணும் சொல்லல, அடுத்த வாரம் கூப்பிடவும் இல்ல. ஆனா ரவுண்டுல மாட்டுனா நாலு பைன்ட் உள்ள போயிடும், எனக்கு தாங்காது. என் வழி என்னன்னா முதல் ரவுண்ட நானே வாங்கிடுவேன், அப்புறம் பாதி பைன்ட், அதுக்கப்புறம் லைம் சோடா. இந்த ஊர்ல யாரும் "என்னப்பா ஆம்பள"ன்னு கேட்டதில்ல.

பீர் பத்தி ஒண்ணே ஒண்ணு. கைப்பிடிய இழுத்து ஊத்துற காஸ்க் ஏல்னு ஒண்ணு இருக்கு, கேஸ் ஏத்தாம பீப்பாய்லயே நொதிக்கிறது. இங்கிலாந்துல பீர் சூடா இருக்கும்ங்கறது புரளி, நிலவறையில 11லேருந்து 13 டிகிரிக்குள்ள வச்சிருப்பாங்க, பானைத் தண்ணி பதம். பீப்பாயத் திறந்தா மூணு நாளுக்குள்ள தீத்துடணும், அதுக்கு மேல புளிக்க ஆரம்பிச்சிடும். அதனால ஒரு பப் எப்படின்னு பாக்கணும்னா கூட்டமே இல்லாத திங்கக்கிழமை சாயந்திரம் போயி ஒண்ணு வாங்குங்க. புளிச்ச வாடை அடிச்சா கொண்டுபோய் குடுங்க, நல்ல பப்புன்னா மறுபேச்சு பேசாம வேற ஊத்தித் தருவாங்க. மூஞ்ச சுளிச்சா அந்தப் பக்கம் திரும்பப் போக வேணாம்.

என்னோட முதல் லோக்கல் இப்ப இல்ல. கட்டடம் ஒரு பெரிய கம்பெனியோடது, அவங்க சொல்ற ரேட்டுல அவங்ககிட்டதான் பீர் வாங்கணும், வாடகையும் ஏறிக்கிட்டே போச்சு, நடத்துன தம்பதி ஒரு நாள் சாவியக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. இப்ப அங்க பிளாட். வயித்தெரிச்சல்தான். அதே நேரத்துல பக்கத்து நன்ஹெட்ல ஐவி ஹவுஸ்னு ஒரு பப், 2012ல மூடி விக்கப் பாத்தாங்க, அந்த ஏரியாக்காரங்க விடல. சமுதாயச் சொத்துன்னு பதிவு பண்ணி, 371 பேரு பங்கு போட்டு வாங்கி 2013ல திறந்துட்டாங்க, நாட்டுலயே அப்படி பதிவான முதல் பப் அது. உள்ள மரப்பலகை அடிச்ச சுவரு, பின்னாடி மேடையோட ஹால், 70கள்ல பப் ராக் பேண்டுகள் வாசிச்ச இடம். ஒரு தடவையாச்சும் போயிட்டு வாங்க. லண்டன்லயே மைடா வேல்ல இருக்குற கார்ல்டன் டேவர்ன்ங்கற பப் கதை இன்னும் மாஸ். 2015ல அனுமதி இல்லாம புல்டோசர் வச்சு இடிச்சானுங்க, கவுன்சில் "முன்ன இருந்த மாதிரியே செங்கல் செங்கலா திரும்பக் கட்டு"ன்னு உத்தரவு போட்டுச்சு, கட்ட வச்சு 2021ல திறந்தாங்க. நம்ம ஊர்ல ஏரிய தூத்துக் கட்டுனாலே யாரும் கேக்கறதில்ல.

எல்லாம் ஆகா ஓகோன்னு சொல்ல மாட்டேன். லோக்கல் பப்புன்னா வீடு மாதிரின்னு சொல்வாங்க, ஆனா அது எல்லாருக்கும் எப்பவும் திறந்தே இருந்த வீடு கிடையாது. பர்மிங்காம் பக்கத்துல ஸ்மெத்விக்ல 60கள்ல கருப்பு, பழுப்பு ஆளுங்கள பப்ல சில ரூமுக்குள்ள விட மாட்டாங்க, 1965 பிப்ரவரியில அமெரிக்கக் கருப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ் நேர்ல வந்து புளூ கேட்ஸ்ங்கற பப்ல ஒரு ரூம்ல குடிக்கக் கேட்டுப் பாத்தாரு, அவருக்கே இல்லன்னுட்டாங்க. அதே வருஷக் கடைசியில பொது இடத்துல அப்படி மறுக்கக் கூடாதுன்னு சட்டம் வந்துச்சு. இன்னிக்கு அந்தப் பக்கம் போனா பஞ்சாபிங்க நடத்துற தேசி பப்புங்க வரிசையா இருக்கு, இரும்புத் தட்டுல புகையப் புகைய மிக்ஸ்ட் கிரில் வருது, அத வெள்ளக்காரன் வெங்காயத்தோட வெட்டிட்டு இருக்கான்.

இப்ப என் ரெண்டாவது லோக்கல். பேரு வேணாம், ஏற்கனவே ஞாயித்துக்கிழமை இடம் கிடைக்கறதில்ல. கார்பெட் அசிங்கமா இருக்கும், பாத்ரூம் சுமார்தான். மேட்ச் நாள்ல பக்கமே போக மாட்டேன். நான் வந்த புதுசுல பைன்ட் நாலு பவுண்டுக்குள்ள, இப்ப ஆறரை. சைவம்னா கேட்டுட்டு ஆர்டர் பண்ணுங்க, சில இடத்துல சிப்ஸையே மாட்டுக்கொழுப்புலதான் பொரிக்கிறாங்க. ஆனா ரூம சூடாக்குற ரேடியேட்டர் பக்கத்துல ஒரு சின்ன டேபிள் இருக்கு, புக்க வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் ஒரே கிளாஸோட உக்காந்திருக்கலாம், வேற என்ன வேணும்னு எவனும் வந்து நிக்க மாட்டான். பேச ஆள் வேணும்னா கவுண்டர்ல நிக்கணும், வேணாம்னா டேபிள்ல உக்காரணும், அவ்ளோதான் கணக்கு. வீட்டுலகூட எனக்கு இந்த வசதி இல்ல.

கொரோனாவுக்கு 2020 மார்ச் 20 ராத்திரி மூடுனது ஜூலை 4தான் திறந்துச்சு. முதல் வாரமே போனேன். கவுண்டர் பக்கம் வரக்கூடாது, டேபிள்லயே உக்காருங்கன்னாங்க. நான் வாயத் திறக்குறதுக்கு முன்னாடி பார்மேன் வழக்கமான கிளாஸ எடுத்து, பம்ப மூணு இழுப்பு இழுத்து, நுரை அடங்குற வரைக்கும் நின்னு, மேல கொஞ்சம் விட்டு, கொண்டாந்து வச்சிட்டுப் போனான். 2013ல 25 நிமிஷம் காத்துக் கிடந்த டேபிள் சர்வீஸ் ஏழு வருஷம் கழிச்சு வந்துச்சு.

ஞாயித்துக்கிழமை ரோஸ்ட் சாப்பிட குடும்பமா போவோம், குழந்தைங்கள உள்ள விடுவாங்க. யார்க்‌ஷயர் புட்டிங்னு ஒண்ணு தட்டுல வரும், பேரப் பாத்து பாயாசம்னு நினைச்சிடாதீங்க, ஊதிப்போன குழிப்பணியாரம், அதுல கிரேவிய ஊத்தித் திங்கணும். உப்பு உறைப்பு ஒண்ணும் இருக்காது. என் வொய்ஃப் ஹேண்ட்பேக்ல சின்ன டப்பாவுல எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவந்து மேசைக்கு அடியில வச்சு தொட்டுக்குவா, பப்ப நடத்துற லேண்ட்லேடி அம்மா ஒரு நாள் மோப்பம் பிடிச்சிட்டாங்க. வெளிச் சாப்பாடு கொண்டுவரக் கூடாதுன்னு திட்டப்போறாங்கன்னு பாத்தா, ஸ்பூன் எடுத்துட்டு வந்து எங்க டேபிள்லயே உக்காந்துட்டாங்க. அதுலேருந்து ஒரு முழு பாட்டில் பாருக்குப் பின்னாடி, விஸ்கிக்குப் பக்கத்துல இருக்கு. நாங்க போனா தட்டோட சேந்து வரும். போன வாரம் எடுத்துப் பாத்தா அடியில எண்ணெய்தான் கிடக்கு, நாங்க பாதிகூட தின்னிருக்க மாட்டோம். பப்ல இருக்குறவங்கதான் சீஸ் சாண்ட்விச்சுக்குள்ள வச்சுத் தின்னிருக்காங்க. அம்மாகிட்ட சொல்லியிருக்கேன், ஊர்லேருந்து அடுத்து யாரு வர்றாங்களோ அவங்ககிட்ட ரெண்டு கிலோ குடுத்து விடச் சொல்லி.