சீசனின் கடைசி ஸ்கீ நாள்: அரபஹோ பேசினா, மேமத்தா, கில்லிங்டனா?

ஏப்ரல் முடிவதற்குள் அமெரிக்காவின் பெரும்பாலான ஸ்கீ (பனிச்சறுக்கு) மலைகளில், சறுக்குபவர்களை மேலே ஏற்றிச்செல்லும் லிஃப்ட் நின்றுவிடும். மே கடைசி வரை, சில ஆண்டுகளில் ஜூன் தாண்டியும் தாக்குப்பிடிக்கும் மலைகள் கொஞ்சம்தான். அவற்றில் கொலராடோவின் அரபஹோ பேசினைக் காப்பாற்றுவது உயரம். கலிஃபோர்னியாவின் மேமத்துக்குப் பனிப்பொழிவு. வெர்மான்டின் கில்லிங்டனுக்குப் பனி பீய்ச்சும் இயந்திரம். கடைசி நாள் எப்படி அமையும் என்பதும் இந்தக் காரணங்களைப் பொறுத்ததுதான்.

முதலில் பார்க்க வேண்டியது முந்தைய இரவை. வானம் தெளிந்திருந்தால் பனி தன் வெப்பத்தை மேலே விட்டுவிடும். காற்று 2 டிகிரியில் இருந்தால்கூட மேற்பரப்பு கெட்டியாக உறையும். காலை வெயிலில் மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் இளகும்போது குருணைப் பனி கிடைக்கும். வசந்தகாலத்தில் இதைவிட நல்ல சறுக்கல் கிடையாது. இரவெல்லாம் மேகம் மூடியிருந்தால் காலையிலேயே சொதசொத. ஆகவே வெப்பநிலையை மட்டும் பார்க்காமல், வானம் மூடியிருக்குமா என்பதையும் வானிலை அறிக்கையில் பாருங்கள்.

மேமத்தின் உச்சி 3,369 மீட்டர். 2022-23 சீசனில் அடிவாரத்திலுள்ள மெயின் லாட்ஜில் மட்டும் 715 அங்குலம் பனி கொட்டியது. லிஃப்ட் நின்றது ஆகஸ்ட் 6-ல். எல்லா ஆண்டும் அப்படி அமையாது. ஆனால் மே மாதத்தில் மற்ற இரண்டையும்விடப் பரந்த சரிவுகள் இங்கேதான் திறந்திருக்கும். இதனால் வெயிலைத் தொடர்ந்து போக முடிகிறது: முதலில் கிழக்கு பார்த்த சரிவு, அது இளகிக் குழைந்ததும் மேற்கு, கடைசியாக வடக்கு. எட்டு மணிக்கே வடக்குச் சரிவில் இறங்கினால் கண்ணாடிப் பனியில் முழங்கால்தான் அதிரும். சீசன் முடிய முடிய லிஃப்ட் சீக்கிரம் தொடங்கிச் சீக்கிரம் நிற்கும். பதினொரு மணிக்கு வந்து இறங்கினால் பாதி நாள் போய்விட்டது. மேமத் ஒரு எரிமலை என்பதையும் மறக்கக் கூடாது. வாயு கசியும் துளைகளைச் சுற்றி வேலி உண்டு. 2006 ஏப்ரலில் அப்படி ஒரு துளையில் மூன்று மீட்புப் பணியாளர்கள் இறந்தார்கள். வேலியைத் தாண்டாதீர்கள்.

சான் பிரான்சிஸ்கோ பக்கத்துத் தமிழர்களுக்கு ஒரு சிக்கல்: யோசமிட்டி வழியான டியோகா கணவாய் மே கடைசிவரை, சில ஆண்டுகளில் ஜூன் தாண்டியும் மூடியிருக்கும். லேக் டாஹோ பக்கம் சுற்றி 395-ஆம் நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டியிருக்கும். முந்தைய இரவே போய்த் தங்குவது நல்லது.

அரபஹோ பேசினில் அடிவாரமே 3,286 மீட்டர். பனி காய்ந்து, குளிர்ந்து, தரமாக நிற்பதற்கு அதுதான் காரணம்; தலைவலிக்கும் அதுவேதான். கடல்மட்டத்திலிருந்து பறந்து வந்த மறுநாளே ஏறாமல் டென்வரில் ஓர் இரவாவது கழியுங்கள். கடைசி வாரங்களில் திறந்திருக்கும் ஓட்டங்கள் (சறுக்கு வழிகள்) குறைவு. பல்லவிசினி என்ற செங்குத்தான சரிவு அதற்குள் மூடியிருக்கலாம். மதியத்துக்கு மேல் இடி மின்னல் வந்தால் லிஃப்ட் நிற்கும். ஆனால் கொண்டாட்டம் என்று வந்தால் மற்ற இரண்டும் பக்கத்தில் நிற்க முடியாது. சரிவை ஒட்டிய கார் நிறுத்த வரிசையை 'பீச்' என்பார்கள். கரியடுப்பு, மடக்கு நாற்காலி, விதவிதமான வேடம் என்று அமர்க்களமாக இருக்கும். சறுக்குவதைவிடக் கூடிக் களிப்பதே முக்கியம் என்றால் இங்கே போங்கள்.

கில்லிங்டன் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உச்சியே 1,293 மீட்டர். குளிர்காலம் முழுக்க சூப்பர்ஸ்டார் என்ற ஒரே ஓட்டத்தில் செயற்கைப் பனியைக் குவித்து, அதை மே கடைசிவரை இழுப்பார்கள். அதற்குள் அது மேடும் பள்ளமுமாகிவிடும். புதியவர்களுக்கு இது இடமே இல்லை. மேடுகளில் முழங்காலை மடக்கி இறங்கத் தெரிந்த, பாஸ்டன் நியூயார்க் பக்கத்தில் இருப்பவர்களுக்கு விமானச் செலவு மிச்சம். அந்தப் பனி அடர்த்தியானது என்பதால் இரவு உறையாவிட்டாலும் ஓரளவு தாங்கும்.

ஒரே நாள்தான், சறுக்கத்தான் போகிறேன் என்பவருக்கு என் ஓட்டு மேமத்துக்கு.

மூன்றிலும் காலை வாருவது ஈரப் பனிதான். தண்ணீர்ப் படலம் ஸ்கீயின் அடியை உறிஞ்சிப் பிடிக்க, வேகம் திடீரென்று அறுந்து முன்பக்கமாக விழுவீர்கள். மகரந்தமும் அழுக்கும் சேர்ந்தால் இன்னும் மோசம். முந்தைய நாள் அடியை பிரஷால் தேய்த்து, சூடான வானிலைக்கான மெழுகு பூசுங்கள். நிழலிலிருந்து வெயிலுக்குள் நுழையும் கோட்டில் பனியின் தன்மை மாறும்; அங்கே எடையைக் கொஞ்சம் பின்னால் வையுங்கள். சன்ஸ்கிரீனை முகவாய்க்கு அடியிலும் மூக்குத் துளை ஓரத்திலும் தடவுங்கள், பனியில் பட்ட வெயில் கீழிருந்தும் சுடும்.

வீடு திரும்பியதும் ஸ்கீயைக் கழுவி, உலர்த்தி, இரும்பு விளிம்பில் துரு இருந்தால் தேய்த்தெடுங்கள். பிறகு அடிப்பக்கம் முழுதும், விளிம்பையும் மூடும்படி, மெழுகைத் தடிப்பாக ஊற்றிச் சுரண்டாமல் விடுங்கள். அடுத்த நவம்பரில் சுரண்டிக்கொள்ளலாம்.