கோல்டன் சீட்டா: எங்கள் தோட்டத்துப் பையன்களின் குழு நேர ஓட்டத்துக்கு

மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள எங்கள் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறினாலும் எங்களுக்கு அது பத்தாங் பெர்ஜுந்தைதான். அங்கே தோட்டத்துப் பையன்கள் நான்கு பேருக்குச் சைக்கிள் பயிற்சி கொடுக்கிறேன். ஒரு குழுவே வரிசையாகச் சேர்ந்து ஓட்டி நேரத்தோடு போட்டியிடும் குழு நேர ஓட்டத்துக்குத் திட்டம் போட நான் நம்பியிருப்பது கோல்டன் சீட்டா என்ற மென்பொருள். ஒரு வெள்ளிகூட செலவில்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

இதன் அருமை இரண்டு எண்களில் இருக்கிறது. ஒருவன் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் வாட் அளவு ஒன்று. அதைத் தாண்டினால் கரையும் கையிருப்பு இன்னொன்று. முறை வரும்போது முன்னால் போய்க் காற்றை எதிர்த்து இழுப்பவன் கையிருப்பைச் செலவழிக்கிறான், பின்னால் காற்று மறைவுக்கு வந்ததும் மீண்டும் சேர்க்கிறான். மிதிக்கும் சக்தியை வாட்டில் அளக்கும் பவர் மீட்டரின் பதிவை ஏற்றினால், கையிருப்பு எங்கே இறங்கி எங்கே ஏறியது என்று கோடு போட்டுக் காட்டிவிடும்.

"அண்ணே, நான் இன்னும் கொஞ்ச நேரம் முன்னால இழுக்கிறேன்" என்பான் எங்களில் சின்னவன். அவன் கோடோ ஒவ்வொரு முறையும் இன்னும் கீழே போய், மறைவுக்கு வந்த பிறகும் ஏறாமல் கிடக்கும். அதனால் அவன் முறையைச் சுருக்கி, பலசாலிக்கு நேரத்தைக் கூட்டினோம். வேகத்தைக் கூட்டவில்லை. காற்றை எதிர்க்கும் சக்தி வேகத்தின் மும்மடியாக ஏறும். மணிக்கு 40 கிலோமீட்டரை 42 ஆக்கினாலே சுமார் 16 விழுக்காடு கூடுதல் வாட் வேண்டும். பலசாலி தாங்குவான், சின்னவன் கழன்றுவிடுவான். குழுவின் நேரத்தைப் பெரும்பாலும் பின்னால் வருகிற ஒருவனை வைத்துத்தானே எடுக்கிறார்கள்!

காற்று எதிர்ப்பை அளக்க ஏரோலாப் என்ற பகுதி இருக்கிறது; ராபர்ட் சங் (Robert Chung) என்பவரின் முறை. வேகம், வாட், எடையை வைத்துச் சாலையின் மேடுபள்ளத்தை அது வரையும். உண்மையான மேடுபள்ளத்தோடு பொருந்தும்வரை எதிர்ப்பு எண்ணை நகர்த்த வேண்டும். தனியாக, பிரேக் பிடிக்காமல், காற்றில்லாத நேரத்தில் ஓட்ட வேண்டும். நாங்கள் செம்பனைக் குலை லாரிகள் கிளம்புவதற்கு முன்பே, விடியலில் முடித்துவிடுவோம். ஒரு லாரி பக்கத்தில் போனாலே கோடு கோணலாகிவிடும். காற்றின் அடர்த்திக்கு, 15 டிகிரிக்கு உரிய, கன மீட்டருக்கு 1.225 கிலோ என்ற எண்ணைப் போட்டுவிடாதீர்கள். நம் ஊரில் விடியலில்கூட அது 1.17 பக்கம்தான்.

குறைகளும் உண்டு. யார் எத்தனை விநாடி இழுப்பது என்ற திட்டத்தை அது தயாராகத் தராது. கோடுகளைப் பார்த்து நாம்தான் முடிவு செய்ய வேண்டும். யார் பின்னால் யார் என்பதும் நம் பாடு. ஒல்லியானவன் பின்னால் வருகிறவனுக்கு மறைவு குறைவு. அதே வேகத்துக்கு அவன் வாட் ஏறியிருப்பதை வைத்துத்தான் வரிசையை மாற்றினோம். அப்புறம், வரைபடங்கள் அளவுக்கு மீறி இருக்கின்றன. புதிதாகத் திறப்பவருக்குத் தலை சுற்றும்.

மென்பொருள் இலவசம் என்றாலும் பவர் மீட்டர் இலவசமில்லை. இரண்டு ஜோடி பெடல் மீட்டர்களை நான்கு சைக்கிளிலும் மாற்றி மாற்றிப் பூட்டுகிறோம். சேர்த்து வைத்த காசில் கார்பன் சக்கரம் வாங்கவா, பவர் மீட்டர் வாங்கவா என்று கேட்கிற பெற்றோருக்குச் சொல்வேன்: மீட்டரை முதலில் வாங்குங்கள், சக்கரம் அடுத்த வருடம் பார்க்கலாம்.