வாய்தா டைரியா, கூகுள் கேலண்டரா?

வக்கீல் ஆபீசில் வாய்தாக்களை, அதாவது வழக்குத் தேதிகளை, எதில் குறித்து வைப்பது? கோர்ட் ஹாலில் நின்றபடி அடுத்த வாய்தாவைக் குறிக்க டைரிதான் வேகம். ஆனால் டைரி குமாஸ்தா கையில் இருக்கும்போது, வேறு கோர்ட்டில் நிற்கும் ஜூனியர் வக்கீல் என்ன செய்வார்? பகிர்ந்த கேலண்டர் எல்லார் போனிலும் இருக்கும்.

அதைவிட முக்கியம், காலக்கெடு. செக் திரும்பிய வழக்கையே பாருங்கள்: வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது சேர்ந்தபின் பணம் கட்ட 15 நாள், அதுவும் கடந்தால் ஒரு மாதத்துக்குள் புகார். இவை வாய்தாக்கள் அல்ல. கோர்ட் யாரையும் கூப்பிட்டு நினைவுபடுத்தாது. நோட்டீஸ் சேர்ந்ததற்கான தபால் ஒப்புகை அட்டை வந்த அன்றே கேலண்டரில் ஏற்றி, ஒரு வாரம் முன்பே மணி அடிக்க வைக்கலாம். இதற்கு நான் டைரியை நம்பவே மாட்டேன்.

அப்புறம், மாலையில் டைரியைப் பார்த்துக் கேலண்டரில் ஏற்றுவது யார் வேலை என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் வழக்கு விவரம் காட்டும் இ-கோர்ட்ஸ் செயலியில் சிஎன்ஆர் எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி எண்) போட்டுத் தேதியைச் சரிபார்க்கலாம்.