இறப்பருக்குக் காசு, பித்தளைக்கு இல்லை: ஹொண்டா 90 காபரேற்றர் கிற்

திருகோணமலைப் பட்டினத்துப் பாட்ஸ் கடையில், பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிளின் காபரேற்றருக்கு (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் பாகம்) மாற்று உதிரிகள் வேண்டி 'சீ 90, எம்.டீ. 90 காபரேற்றர் கிற்' என்று கேட்டால் உள்ளங்கை அளவில் ஒரு பொலித்தீன் பக்கற் கைக்கு வரும். மெயின் ஜெட், பைலட் ஜெட் (பெற்றோலை அளந்துவிடும் துளையுள்ள பித்தளைத் துண்டுகள்), புளோட் நீடில் (கிண்ணம் நிறைந்ததும் பெற்றோலை அடைக்கும் ஊசி), ஜெட் நீடில் (அக்ஸிலேற்றரோடு ஏறியிறங்கும் சரிவான ஊசி), காற்று ஸ்குறூ, இரண்டு மூன்று ஸ்பிறிங், கிண்ணத்துக் கஸ்கற், சில ஓ-றிங். பெரும்பாலும் பெயர் இல்லாத சீனத் தயாரிப்பு. கொட்டிலில் கிடந்த பழைய வண்டியை முதன்முதலாக எழுப்பப் பார்ப்பவர்களுக்கு எல்லோரும் சொல்லும் புத்தி 'கிற்றைப் போடு' என்பதுதான். வாங்குங்கள். ஆனால் பக்கற்றில் இருப்பதில் பாதிதான் வண்டிக்குள் போக வேண்டும்.

இலங்கையில் 2020இல் வாகன இறக்குமதி நின்றபின் இந்தப் பழசுகளுக்கு மதிப்பு ஏறியது. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் மூலையில் சாத்தியவற்றில் பல அப்படியே நின்றுவிட்டன. தாங்கியிலும் காபரேற்றரிலும் கிடந்த பெற்றோல் ஆவியாகி மண்ணிறப் பிசினாக இறுகியிருக்கும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் நின்ற வண்டி என்றால் கடற்காற்றும் சேர்ந்து, அலுமினியத்தில் வெள்ளைப் பொடி, பித்தளையில் பச்சைக் களிம்பு.

கிற்றுக்குக் காசு கொடுக்குமுன் வண்டியில் மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். பிளக்கைக் கழற்றி அந்தத் துளையால் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு ஓர் இரவு வைத்து, மறுநாள் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். இறுகி நின்றால் காலால் மிதிக்கக் கூடாது. சுற்றினால், துளையில் பெருவிரலை வைத்து அழுத்தம் பாருங்கள். விரலைத் தள்ள வேண்டும். அடுத்தது பொறி. பழைய 6 வோல்ற் சீ 90இல் பொயின்றுக்கு (திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் தொடுமுகம்) கரன்ற் வருவது பற்றரியில் இருந்து. பற்றரி செத்திருந்தால் புதுக் காபரேற்றரே போட்டாலும் வண்டி இருமாது. பொயின்ற் முகம் கறுத்திருந்தால் மெல்லிய அரத்தால் ஒரு தரம் இழுத்து, ஸ்பிரிற்றில் நனைத்த மட்டையால் துடையுங்கள். எமரித் தாள் வேண்டாம், அதன் மணல் முகத்தில் பதிந்துவிடும். பொயின்ற் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர், பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7, வால்வு எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.05. காபரேற்றர் மேல் விழும் பழியில் பாதி இந்த மூன்றுக்கும் உரியது.

ஸ்குறூவில்தான் புதியவர்களின் கை முதலில் சறுக்கும். ஜப்பான் வண்டியின் நட்சத்திரத் தலை பார்வைக்குச் சாதாரணம்தான், ஆனால் அளவு வேறு. சாதாரண ஸ்குறூட்றைவரின் நுனி அடிவரை இறங்காமல் மேலே ஏறித் தலையை வழித்துவிடும். ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) நுனி கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் சாதாரணத்தின் கூர்முனையைக் கொஞ்சம் அராவினால் ஓரளவு இருக்கும். திருகுமுன் தலையில் சுத்தியலால் இரண்டு தட்டு. பிறகு, காற்று ஸ்குறூவைக் கழற்றுமுன் மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்றில் இருக்கிறது என்று எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள். ஜெட் நீடிலின் கிளிப் மேலிருந்து எத்தனையாவது காடியில் என்பதையும் எழுதுங்கள். இந்த இரண்டையும் எழுதாமல் விட்டவர்கள்தான் பிறகு கராஜ் பாஸிடம் 'எப்படி இருந்தது?' என்று கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

இனிப் பக்கற். இறப்பருக்குத் தயங்காமல் புள்ளி கொடுக்கலாம். கிண்ணத்துக் கஸ்கற் காடியில் ஒழுங்காக உட்காருகிறது, பெற்றோலில் ஊறி நீளவில்லை. காபரேற்றருக்கும் இன்றேக் குழாய்க்கும் இடையில் வரும் ஓ-றிங்தான் பக்கற்றில் மிகவும் பெறுமதியானது. பழையது தட்டையாகிக் கல்லாகியிருக்கும். அதால் காற்றுப் புகுந்தால் அக்ஸிலேற்றரை விட்ட பிறகும் எஞ்சின் இறங்காமல் ஓலமிடும். ஆனால் புது ஓ-றிங் மட்டும் போதாது. யாரோ ஒருவர் காபரேற்றரை அங்கே பிடிக்கும் இரண்டு நட்டையும் பலமாக முறுக்கியிருப்பார், விளிம்பு வில்லாக வளைந்திருக்கும். நேர்விளிம்பு ஒன்றை வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்தால் தெரியும். கண்ணாடித் துண்டின் மேல் 400 இலக்க ஈரத் தாள் விரித்து, எட்டு வடிவில் தேய்த்தால் தட்டையாகும். நட்டைக் கையிறுக்கத்துக்கு மேல் கால் சுற்று முறுக்கினால் காணும்.

சீ 90 காபரேற்றரில் பெற்றோல் ரப்பும் அதே உடம்பில்தான் இருக்கும். அதற்குள் நாலு துளையுள்ள ஓர் இறப்பர் வட்டு. சில பக்கற்றில் அது இராது; கடையிலேயே பிரித்துப் பாருங்கள். வட்டு இறுகிப்போனால் ரப்பை மூடினாலும் பெற்றோல் கசியும்.

பித்தளைக்குப் புள்ளி கொடுக்க மனம் வரவில்லை. ஜெட்டின் வேலையே துளையின் அளவில்தான் இருக்கிறது. பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீற்றரும் இல்லை. அதில் ஒரு மயிரிழை கூடினாலும் கலவை மாறும். மலிவுக் கிற்றில் ஜெட்டின் தலையில் அடித்த எண்ணும் துளையும் ஒத்துவரும் என்று நம்ப முடியாது. துளை பெரிதானால் ஐடிலில் (அக்ஸிலேற்றரைத் திருகாமல் ஓடும்போது) பெற்றோல் மணக்கும், பிளக் கரி பிடிக்கும், புகைப் பரிசோதனையில் விழுத்துவார்கள். சிறிதானால் சோக் இழுக்காமல் எஞ்சின் ஓடாது. ஜெட் நீடிலும் அப்படியே. சரிவு கொஞ்சம் மாறினால் ஐடில் நன்றாக இருக்கும், முழு வேகமும் நன்றாக இருக்கும், நடுவில் மட்டும் வண்டி திணறும். புதியவர் இதைக் கண்டுபிடிக்க மாதம் பிடிக்கும்.

பழைய ஜெட் அடைத்திருக்கிறதே தவிரத் தேயவில்லை. கழுவினால் போதும். காபரேற்றர் கிளீனர் அடித்து அரை மணி நேரம் விட்டு, மின் வயரின் ஒற்றைச் செம்பு இழையால் குத்திக் காற்றடியுங்கள். ஊசி, உருக்குக் கம்பி, துளைப்பான் எதுவும் கூடாது. பித்தளையைவிட உருக்குக் கடினம், துளை பெருக்கும். ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். உடம்புக்குள் உள்ள வழிகளில் கிளீனரை ஒரு பக்கத்தால் அடித்தால் மறுபக்கத்தால் பீச்ச வேண்டும். தேசிக்காய்ப் புளித் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்க வைக்கும் நாட்டு முறையும் களிம்புக்குப் பிழையில்லை, இறப்பரும் புளோட்டும் கழற்றியிருந்தால். இரவு முழுக்க ஊற விட்டால் அலுமினியம் கறுத்துவிடும். சமையல் சட்டியை எடுத்தால் வீட்டில் வரும் சண்டைக்கு இந்த விமர்சனம் பொறுப்பல்ல.

புளோட் நீடில் மட்டும் இரண்டுங்கெட்டான். பழையதன் கூம்பு முனையில் நகத்தை ஓட்டுங்கள். வளையமாகப் பள்ளம் தட்டுப்பட்டால் மாற்றத்தான் வேண்டும். மாற்றுமுன் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நீளம் பாருங்கள். அரை மில்லிமீற்றர் வித்தியாசமே புளோட் உயரத்தை மாற்றி, கிண்ணத்தில் பெற்றோல் மட்டத்தை ஏற்றியோ இறக்கியோ விடும். பொருத்தியபின் காபரேற்றரைத் தலைகீழாகப் பிடித்து, பெற்றோல் வரும் குழாயில் வாயால் ஊதுங்கள். புளோட் தன் பாரத்தில் கிடக்கும்போது காற்றுப் போகக் கூடாது, விரலால் தூக்கினால் போக வேண்டும். புளோட் நீடில் பிடிக்காத வண்டியில் ஒயில் குச்சியை மணந்து பாருங்கள். பெற்றோல் வாசம் வந்தால் ஒயிலை மாற்றாமல் ஓட்ட வேண்டாம், சுமார் 0.9 லீற்றர் போகும்.

தாங்கிக்குள் துரு இருந்தால் இவ்வளவும் வீண். கிற் போட்டுச் சரிவரவில்லை என்று பக்கற்றைத் திட்டுபவர்களில் பலர் தாங்கியைப் பார்க்காதவர்கள். லீற்றருக்கு 50 கிராம் சிற்றிக் அமிலம் கரைத்து நிரப்பி ஒரு நாள் வைத்து, அப்பச்சோடாத் தண்ணீரால் கழுவி, வெயிலில் உலர்த்தி, கொஞ்சம் ஒயில் உள்ளே உருட்டி ஊற்றிவிடுங்கள். முதல் ஸ்ராட்டுக்குத் தாங்கியே வேண்டாம். 250 மில்லிலீற்றர் போத்தலில் குழாய் பொருத்தி உயரத்தில் தொங்கவிட்டால் போதும்.

ஸ்ராட் ஆனபின் எஞ்சின் நன்றாகச் சூடேறட்டும். காற்று ஸ்குறூவுக்கு எழுதி வைத்த சுற்று, இல்லாவிட்டால் ஒன்றரைச் சுற்று, அங்கிருந்து கால் கால் சுற்றாக மாற்றி எஞ்சின் எங்கே வேகமாகச் சுற்றுகிறதோ அங்கே விடுங்கள். பத்துக் கிலோமீற்றர் ஓடிப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பிளேன்ரீ நிறம் சரி, கரி என்றால் பெற்றோல் கூட, வெள்ளை என்றால் குறைவு அல்லது எங்கோ காற்று.

பித்தளை உண்மையிலேயே உடைந்தோ வழிந்தோ போயிருந்தால் கிற்றைப் பார்க்காமல் கெய்கின் (ஹொண்டாவுக்குக் காபரேற்றர் செய்த ஜப்பான் நிறுவனம்) அசல் ஜெட்டைத் தனியாகக் கேளுங்கள். கடைக்குப் போகும்போது பழைய ஜெட்டையும் பொக்கற்றில் கொண்டு போங்கள். புரி அளவு ஒன்றுக்கொன்று மாறும். கிற்றில் மிஞ்சும் புதுப் பித்தளையை எறிய வேண்டாம், பழையதோடு கலக்கவும் வேண்டாம். வேறு பக்கற்றில் போட்டு 'கிற்' என்று எழுதி வையுங்கள்.