புதைபடிவச் சிறகுக்கு இரட்டைக் கை எல்.இ.டி. விளக்கு: வாங்கலாமா?

கல்லில் பதிந்த ஒற்றைச் சிறகை வைத்துப் புது பூச்சியினத்தை விவரிக்க நரம்பமைப்புதான் (சிறகில் ஓடும் கோடுகளின் அமைப்பு) ஆதாரம். அதற்கு மைக்ரோஸ்கோப் எவ்வளவு முக்கியமோ, விளக்கும் அவ்வளவு முக்கியம். வளைய விளக்கு எல்லாப் பக்கமும் ஒளியைக் கொட்டி மேடு பள்ளத்தைத் துடைத்துவிடும். வளையும் கழுத்துள்ள இந்த விளக்கு அங்கேதான் ஜெயிக்கிறது.

ஒரு கையை அணைத்துவிட்டு, மற்றதைப் படத்தின் மேல் இடது மூலைப் பக்கத்தில், கல்லின் பரப்புக்கு 10–15 டிகிரி சாய்வில் தாழ்வாக வையுங்கள். சிறகின் முக்கிய நரம்புகளில் ரேடியஸ் மேடாக எழும், அதன் முன்னால் ஓடும் சப்காஸ்டா பள்ளமாக இறங்கும். எதிர்ப்பதிவுக் கல்லில் (பிளந்த கல்லின் மறுபாதியில்) இதுவே தலைகீழ். கவனிக்காமல் வரைந்தால் நரம்புக்குப் பெயரே தப்பாகிவிடும். ஒளியின் திசையிலேயே ஓடும் நரம்புகளுக்கு நிழல் விழாது. கல்லை 90 டிகிரி திருப்பி இன்னொரு படம் எடுத்தே ஆக வேண்டும்.

குறை? கழுத்து மெல்லத் தொய்கிறது. பல குவியங்களில் எடுத்த படங்களை அடுக்கும்போது நிழல் நகர்ந்து, ஒரே நரம்பு இரண்டாகத் தெரியும். வளைத்தபின் ஐந்து நிமிடம் விட்டுப் படமெடுங்கள். போலரைசர் (கண்கூசும் பிரதிபலிப்பைக் குறைக்கும்) வடிகட்டி உடன் வராதது பெரிய எரிச்சல்: எத்தனால் தடவிய சிறகு கண்ணாடியாய் மின்னுகிறது. (ஷெல்லாக் என்ற அரக்குப் பூச்சு பூசிய மாதிரியில் எத்தனால் வேண்டாம், பூச்சு கரைந்துவிடும்.)