பத்து மாதமாக ஹெட்செட் மாட்டிக்கொண்டு கீபோர்டு கற்ற அனுபவம்

மகளுக்கு வாங்கிய 61 கட்டை கீபோர்டு வீட்டில் இருந்தது. துபாயிலிருந்து வந்த மச்சான் தன்னுடைய மிக்ஸ்டு ரியாலிட்டி ஹெட்செட்டை (கண்ணில் மாட்டினால் எதிரில் இருப்பதும் தெரியும், அதன்மேல் கணினிப் படங்களும் தெரியும்) விட்டுவிட்டுப் போனார். இரண்டையும் சேர்த்து, 43 வயதில் வாசிக்க ஆரம்பித்தேன்.

ஹெட்செட்டின் கேமரா வழியாக அறை, மேசை, கீபோர்டு எல்லாம் அப்படியே தெரியும். கீபோர்டு கற்றுத்தரும் ஆப்பைத் திறந்தால், அதன்மேல் வண்ணப் பட்டைகள் மேலிருந்து இறங்கி வரும். எந்தக் கட்டையைத் தொடுகிறதோ அதை அழுத்த வேண்டும். பட்டை தீரும்வரை விரலை எடுக்கக் கூடாது. நாம் சரியாக அழுத்தும்வரை பாட்டு காத்திருக்கும் வசதியும் உண்டு. முதல் மாதம் முழுக்க அதில்தான் ஓட்டினேன். மூன்றாம் நாளே இரண்டு கையாலும் ஏதோ வாசித்துவிட்டதில் தலைகால் புரியவில்லை.

முதல் தொல்லை மேசையால் வந்தது. ஓரக் கட்டைகளில் விரல் வைத்து, கீபோர்டு எங்கே இருக்கிறது என்று முதலில் காட்டிவிட வேண்டும். ஒரு வெள்ளைக் கட்டையின் அகலம் சுமார் 23 மில்லிமீட்டர்தான். அதற்குப் பிறகு கீபோர்டு ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் பட்டை இரண்டு கட்டைக்கு நடுவில் வந்து விழும். என் மேசை ஆடும். காலுக்கடியில் அட்டை மடித்துச் சொருகிய பிறகுதான் நிம்மதி.

இன்னொரு தொல்லையை நான் கவனிக்கவே இல்லை. ஒரு கட்டை சுருதியில் சங்கராபரணம், அதாவது சி மேஜர் ஸ்கேல், வலக்கையில் ஏறும்போது ச, ரி, க மூன்றையும் முதல் மூன்று விரல்களால் அழுத்திவிட்டு, ‘ம’வுக்குக் கட்டைவிரலை உள்ளங்கைக்கு அடியில் நுழைக்க வேண்டும். அந்த நேரத்தில் மேலே இருக்கும் கேமராவுக்குக் கட்டைவிரல் தெரியாது. கீபோர்டையும் ஹெட்செட்டையும் இணைத்து மிடி கேபிள் போட்டேன். மிடி என்பது மின்னணு இசைக்கருவிகள் தகவல் பரிமாறிக்கொள்ள 1983இல் வந்த முறை. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு வேகமாக என்று சொல்லும். எந்த விரல் என்று சொல்லாது. நானும் ‘ம’வை மோதிர விரலால் அழுத்தி, கையைத் தூக்கிப் போட்டுத் தாவித் தாவி வாசித்து, இரண்டு மாதம் ஆப்பில் முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்தேன். மகளின் கீபோர்டு டீச்சர் ஒருநாள் பார்த்துவிட்டுக் கேட்டார்: “சார், ‘ப’வோட விரல் தீர்ந்துபோச்சே, ‘த’வுக்கு எங்க போவீங்க?”

ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு வாசிக்கச் சொன்னார். நான்கு வரிகூட வரவில்லை. பட்டையைத் துரத்தியது கண்தான். காது வேலையே செய்யவில்லை.

இப்போது புதுப் பாட்டுக்கு மட்டும் பத்து நிமிடம் மாட்டுகிறேன். அதிலும் பழகிய கையின் பட்டைகளை அணைத்துவிடுவேன். மீதி நேரம் வெறும் கண். அரைக் கிலோ எடை, ஸ்பாஞ்சில் ஊறும் வியர்வை, கண்ணாடி வேறு. எப்படியும் அரைமணிக்கு மேல் கழுத்து தாங்காது.

இதற்கென்றே ஹெட்செட் வாங்கலாமா என்றால், வேண்டாம். அந்தக் காசில் நல்ல கீபோர்டு ஸ்டாண்டும் வருட டியூஷனும் முடிந்துவிடும். வீட்டில் சும்மா கிடந்தால் தாராளமாகப் போடுங்கள், கூடவே மிடி கேபிளும். விரலைப் பார்க்க மட்டும் மாதம் ஒருமுறையாவது ஒரு ஆள் வேண்டும்.