4 கிலோமீட்டர் லிங்க்: பெரிய டிஷ்ஷா, சின்ன டிஷ்ஷா?

சின்னமனூர் வீட்டு மொட்டைமாடியிலிருந்து எங்கள் தோப்பு மோட்டார் ரூம் 4 கிலோமீட்டர். அங்கே கேமராவுக்கு நெட் வேண்டும். இரண்டு பக்கமும் டிஷ் ஆன்டெனா வைத்து, வயரில்லாமல் ரேடியோ அலையில் இணைப்பதுதான் இந்த லிங்க். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை யோசிக்கவே இல்லை. ஊர் வைஃபை மொத்தமும் அதில்தான் நெரிகிறது. அலை தடைபடாமல் போக, நடுவழியில் தென்னை உச்சிக்கு மேல் அது கேட்கிற இடைவெளியும் அதிகம். ஆக 5.8 கிகாஹெர்ட்ஸ்.

டிஷ் அளவில்தான் சறுக்கினேன். 60 செ.மீ. டிஷ் 29 டிபிஐ (அலையை ஒரே பக்கம் குவிக்கும் திறனின் அளவு), 30 செ.மீ. டிஷ் 23. கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கை பெரியதற்குத்தான் போகும். எனக்கும் போனது.

மாட்டிய அன்றே தகராறு. எவ்வளவு திருப்பியும் சிக்னல் மைனஸ் 75 டிபிஎம்மைத் தாண்டவில்லை. டிபிஎம் என்பது சக்தியின் அளவு; மைனஸ் எண் சின்னதாக ஆக ஆக சிக்னல் பலம். பக்கவாட்டில் கசியும் அலையைப் பிடித்துக்கொண்டு அதையே உச்சம் என்று நம்பியிருக்கிறேன். மெதுவாக ஒரு முழுச் சுற்று தேடியபோது மைனஸ் 55 வந்தது. சரி, முடிந்தது என்று இறங்கினேன்.

ஆனியில் கம்பம் பள்ளத்தாக்குக் காற்று கிளம்பியது. 60 செ.மீ. டிஷ்ஷின் பரப்பு 30 செ.மீ. டிஷ்ஷைப் போல நாலு மடங்கு. காற்று தள்ளுகிற விசையும் அப்படியே. ஜிஐ பைப்பில் கிளாம்ப் இம்மி இம்மியாக நழுவும். இந்த டிஷ்ஷின் கற்றை அகலமோ, அதாவது அலை குவிந்து போகும் கோணம், சுமார் 6 டிகிரிதான். 4 டிகிரி விலகினால் சிக்னல் அளவில் 5 டெசிபல் காலி, 7 டிகிரி விலகினால் லிங்க்கே இருக்காது. ஒரே மாதத்தில் மூன்று தடவை ஸ்பேனரோடு மாடியேறினேன். ஒருவர் அங்கே, ஒருவர் இங்கே, நடுவில் போன்: "இன்னும் கொஞ்சம்... ஐயோ, போச்சு."

கடைசியில் சின்ன டிஷ்ஷுக்கு மாறினேன். அதன் கற்றை 12 டிகிரி. அதே 4 டிகிரிக்கு ஒரு டெசிபல் சொச்சம்தான் போகும். நம் நாட்டு விதிப்படி 5.8-இல் ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் சக்தி 36 டிபிஎம்மைத் தாண்டக் கூடாது. ஆக பெரிய டிஷ் போட்டால் ரேடியோவின் பவரைக் குறைத்தே ஆக வேண்டும். பெரிய டிஷ்ஷின் லாபம் சிக்னலை வாங்குகிற பக்கம் மட்டும். கணக்குப்படி 4 கிலோமீட்டருக்குச் சின்னதில் மைனஸ் 61 வர வேண்டும், கிட்டத்தட்ட அதேதான் வருகிறது. கேமராவுக்கு அது தாராளம்.

மாற்றி இரண்டு ஆடி கடந்துவிட்டது, ஸ்பேனரைத் தொடவில்லை. ஆனால் இது 4 கிலோமீட்டர் அனுபவம் மட்டுமே. 15 கிலோமீட்டர் என்றால் வழியில் சிக்னல் இழப்பு இன்னும் 11 டெசிபலுக்கு மேல் கூடும். அங்கே பெரிய டிஷ்தான் கைகொடுக்கும். கூடவே பைப்பை விட்டுவிட்டு, ஸ்டே கம்பி கட்டிய நல்ல டவருக்கும் காசு எடுத்து வையுங்கள்.